திருச்சானூர் என்று சொல்லிவிட்ட சுகிர்தம் அக்கா

சுகிர்தம் அக்கா போய்ட்டாங்க. இன்னிக்குக் காலையில.

அவங்க பையன் போன் பண்ணிச் சொன்னார். தொண்ணூறு தாண்டின உடம்பு, தூக்கத்துலேயே... எனக்கு உடனே அழுகை வரலை. பழைய பயம்தான் முதல்ல வந்தது.

திருப்பதி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து சுவிட்ச்போர்டு அவங்களோடது. நான் புதுசா சேர்ந்தவ. வேலை கத்துக் கொடுத்ததை விட, வாயை மூடக் கத்துக் கொடுத்ததுதான் அதிகம்.

ஆந்திரா தனி ஸ்டேட் ஆகி, எந்த ஊர் எந்தப் பக்கம்னு சண்டை நடந்த காலம். தமிழரும் தெலுங்கரும் ஒரே ஒரு விஷயத்துலதான் ஒத்துப் போனாங்க. அந்தப் பாட்டு.

ரெண்டு பாஷையிலும் ரெக்கார்டு வந்தது. என்னைப் போக விடுன்னு ஒரு பொண்ணு பாடற பாட்டு. மெட்டுப் போட்டவர் அவளோட காதலர், பெரிய மியூசிக் டைரக்டர்.

நிஜமாவே பிரிஞ்சுட்டாங்கன்னு பத்திரிகையில எழுதினாங்க. அடுத்த வாரம் சேர்ந்துட்டாங்கன்னு அதே பத்திரிகை எழுதினது. தெய்வீகக் காதல்னு ஒரு தலைப்பு.

எவ்வளவு ஃபீலிங்கா பாடியிருக்கான்னு ஊரே உருகினது. அவ நிஜமாவே போக விடச் சொல்றான்னு ஒருத்தருக்கும் தோணலை.

ஒரு நாள் காலையில, பக்கத்துல இருக்கிற திருச்சானூர் லாட்ஜ் ஒண்ணுல இருந்து மெட்ராஸுக்கு டிரங்க் கால், வெளியூர் கால். அம்மா வீட்டு நம்பர்னு ஒரு பொண்ணு கேட்டா. சொன்ன பேர் வேற, ஆனா குரலை எப்படி மாத்தறது...

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. "அவதாண்டி" ன்னாங்க, சத்தமே வராம. ஹெட்போனை என் பக்கம் கொஞ்சம் சாய்ச்சாங்க, எனக்கும் கேட்டது.

எங்க டிபார்ட்மென்ட்ல ஒரு முறை உண்டு. கால் எந்த ஊர்ல இருந்து வருதுன்னு எதிர்முனைக்குச் சொல்லிட்டுத்தான் லைன் கொடுக்கணும். பேச்சு ஆரம்பிச்சதான்னு காதுல வாங்கிட்டுத்தான் விலகணும்.

மெட்ராஸ்ல ஒரு ஆண் குரல் எடுத்தது. அக்கா முறைப்படி சொன்னாங்க: "திருச்சானூர்ல இருந்து கால், பேசுங்க."

"திருச்சானூரா?"

லைன்ல அவ, "அம்மா?" ன்னா.

"அம்மா இல்ல, நான்தான். அங்கேயே இரு. வந்துக்கினே இருக்கேன். இந்தத் தடவை எவன் தடுக்கறான்னு பார்க்கறேன்."

கட்.

அக்கா என் பக்கம் திரும்பினாங்க. "ஒளிஞ்சிக்கினு இருந்திருக்காடி... நான் ஊர் பேரைச் சொல்லிட்டேனே."

லைன்ல கேட்டதை வெளியே சொன்னா வேலை போகும். அக்காவோட அப்பா, நைனான்னுதான் கூப்பிடுவாங்க, சித்தூர்ல படுத்த படுக்கை, வீட்டுல சம்பாதிக்கிறது இவங்க ஒருத்தர்தான். நான் கையைப் பிடிச்சேன். உதறிட்டு லாட்ஜுக்கு லைன் போட்டாங்க.

"அம்மா, எக்ஸ்சேஞ்சுல இருந்து பேசறேன். நான்தான் ஊரைச் சொல்லித் தொலைச்சேன். அவரு கெளம்பிட்டாரு. நீங்க உடனே கெளம்புங்க."

"எங்கே போவேன்?" அந்தக் குரல் அப்படி நடுங்கி எந்த ரெக்கார்டுலயும் கேட்டதில்லை.

"சித்தூர் பஸ் ஏறுங்க. மிஷன் காம்பவுண்டுல சுகிர்தம் வீடுன்னு கேளுங்க. எங்க நைனா இருப்பாரு, ஒண்ணும் கேக்க மாட்டாரு."

மறுநாள் அந்த மியூசிக் டைரக்டர் எங்க ஆபீஸுக்கே வந்துட்டார். சில்க் ஜிப்பா, சந்தன வாசனை. சூபர்வைசர் எழுந்து நின்னு, காபி வரவழைச்சு, ஆட்டோகிராஃபும் வாங்கிக்கிட்டு, "சுகிர்தம்மா, இக்கட ரா" ன்னு பெருமையா கூப்பிட்டார்.

"அந்தக் காலுக்கு அப்புறம் அந்த லாட்ஜுக்கு யாராவது பேசினாங்களா?"

"தெரியாதுங்க."

"நீங்க எதுவும் கேட்கலையா?"

"நாங்க கேட்கக் கூடாதுங்க. ரூல்."

"எங்க ஸ்டாஃப் வெரி சின்சியர் சார்" ன்னார் சூபர்வைசர்.

அவர் சிரிச்சார். "உங்க குரல் ஞாபகம் இருக்கு. திருச்சானூர்னு சொன்னது நீங்கதானே? ரொம்ப தேங்க்ஸ்."

திரும்பி வந்த அக்காவுக்கு ஒயரை எந்த ஓட்டையில சொருகறதுன்னே தெரியலை. அன்னிக்கு ரெண்டு போர்டையும் நான்தான் பார்த்தேன்.

அந்தப் பொண்ணு கொஞ்ச நாள் சித்தூர்ல அவங்க வீட்டுல இருந்தா. வாசல்ல கார் சத்தம் கேட்டா சமையல் ரூமுக்குள்ள போயிடுவாளாம். எதிர் டீக்கடை ரேடியோவுல அவ பாட்டு, இங்கே அவ வெங்காயம் உரிச்சுக்கிட்டு...

பக்கத்து வீட்டு அம்மா வந்து உட்கார்ந்து, "அந்தாளு தங்கமானவரு, அந்தப் பாட்டுக்காரிக்குத்தான் கொழுப்பு" ன்னு அவகிட்டயே சொல்லியிருக்காங்க. போகும்போது, "ஒறவுக்காரப் பொண்ணா? கொரலு நல்லா கீதே, சர்ச் கொயர்ல சேர்ந்துடேன்" ன்னு வேற!

அப்புறம் ஒரு நாள் அக்காவே ரயிலேத்தி விட்டுட்டு வந்தாங்க. "எங்கேக்கா அனுப்பினீங்க?" ன்னு கேட்டேன்.

"தெரிஞ்சா சொல்லிடுவே. நான் சொல்லலையா?"

அதுக்கப்புறம் ரிட்டையர் ஆகற வரைக்கும், ஊர் பேர் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நிப்பாங்க. அந்த ஒரு நொடிக்கு கம்ப்ளெயின்ட் கூட வந்திருக்கு.

அந்தப் பாடகி வேற பேர்ல, வேற ஊர்ல, வயசாகித்தான் போனாங்க. அக்கா எங்கிட்ட சொன்னது அவ்வளவுதான். அவரும் போய்ச் சேர்ந்தாச்சு. அவர் நினைவு நாளுக்கு வருஷா வருஷம் அதே பாட்டைப் போட்டு உருகறாங்க.

கமென்ட்ல பேரைக் கேட்காதீங்க. கண்டுபிடிச்சாலும் எழுதாதீங்க.

அடக்கம் நாளைக்கு. எங்கேன்னு இங்கே போடலை அக்கா... வரவேண்டியவங்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன்.