பால் டப்பாச் சூரியகாந்தி

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகக் குடியிருப்பில் சந்திரமதியின் வீட்டுச் சுவர் முழுக்கச் சூரியகாந்திகள். எல்லாம் கெட்டிப்பால் வரும் தகர டப்பா காலியானதும் அதில் செய்தவை. அந்தக் காலத்தில் கடைக்காரர்கள் காப்பியை அந்த டப்பாவில்தான் ஊற்றி, கயிறு கட்டிக் கொடுப்பார்கள். கணவர் வடிவேலு வேலை முடிந்து தினமும் ஒரு காலி டப்பாவோடு வீடு திரும்புவார். அவள் அதைக் கத்தரியால் இதழ் இதழாக வெட்டி விரித்து, மஞ்சள் பெயிண்ட் பூசுவாள். கை வெட்டும்போதே வாய் திட்டும்.

"வீட்டுக் காப்பி தொண்டையில இறங்காதா? கடைக் காப்பிதான் கேக்குதா?"

மறுநாளும் அவர் கையில் ஒரு டப்பா தொங்கும். எட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

1967இல் அடுக்குமாடி வீடு கிடைத்தது. லாரியில் சாமான் ஏற்றுகிற அன்று, துறைமுகக் காவலாளி காதர் மைதீன் வழியனுப்ப வந்தார்.

"கெளம்பிட்டீங்களா தங்கச்சி? இனிமே எனக்கு யாரு காப்பி வாங்கித் தருவா?" என்றார். "இத்தன வருஷமும் காப்பி எனக்கு, டப்பா உங்களுக்குன்னுதானே வாங்கினாரு!"

சந்திரமதி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். வடிவேலு ஆணியிலிருந்து ஒவ்வொரு பூவாக, ஓர் இதழும் மடங்காமல் கழற்றிக்கொண்டிருந்தார்.