சல்மன் ரீலும் ஒரு தண்ணீர்க் கண்டமும்

என் கணவருக்குத் தண்ணீரில் கண்டம் இருந்தது. நாற்பத்திரண்டு வயது முடியும்வரை ஆறு, குளம், கடல் எதற்கும் கிட்டப் போகக்கூடாது என்று அவருடைய சாதகத்தைக் கணித்தவர் சொல்லியிருந்தார். கலியாணத்துக்குப் பிறகு மாமியார் என்னிடம் ஒப்படைத்த பொறுப்புகளில், உப்புக் குறைத்துச் சமைப்பதும் இதுவும் இருந்தன. கணவரோ சண்டைக்காலத்தில் கிளாலிக் கடலை வள்ளத்தில் கடந்து தப்பி வந்தவர். "அதிலையே என்ரை கண்டம் கழிஞ்சிட்டுது" என்பார். ஒருமுறை தப்பினால் தீர்ந்தது என்று கண்டத்துக்கு யார் சொன்னது?

அந்தப் புரட்டாதியில் நாற்பத்திரண்டு முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. கியூபெக்கில், லாசாலில் ஒரு அடுக்குமாடியில் இருந்தோம். யன்னலைத் திறந்தால் ஆற்றின் இரைச்சல் கேட்கும். பாறைகளில் மோதி வெள்ளையாகக் கொதித்துக்கொண்டு ஓடுகிற இடம் எங்களுக்கு நடைதூரம். குளிர் வரட்டும், யன்னலைச் சாத்திவிடலாம், பிறந்தநாளும் வந்துவிடும் என்று நான் நாட்களை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மீன் வந்தது. சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அவரோடு வேலைசெய்த கியூபெக்காரர் ஒருவர், தானே பிடித்த சல்மன் என்று ஒரு பெரிய துண்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஊரில் சல்மன் என்றால் எங்களுக்குத் தகர டின்னில் வருகிற மீன்தான். இதுவோ செக்கச்செவேலென்று இருந்தது. பழப்புளி விட்டுக் குழம்பு வைத்தேன். அவ்வளவு ருசியாக வைத்தது என் கெட்ட காலம்.

"உந்த ஆத்திலையே வருதாம். நானும் பிடிக்கப் போறன்" என்றார், விரலை நக்கிக்கொண்டு.

அழுதேன், பேசாமல் இருந்தேன், மாமியாரின் பெயரை இழுத்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பிடிவாதத்தில் அவரை வெல்ல ஆளில்லை. தூண்டில் தடியை அந்தக் கியூபெக்காரர் கொடுத்துவிட்டார். நூல் சுற்றுகிற ரீல் மட்டும் வாங்க வேண்டும். அவருக்குப் பிரெஞ்சு வராது. நான் வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் படித்திருந்தேன். ஆகவே என் கணவரைத் தண்ணீருக்கு இழுத்துப் போகப்போகிற சாமானை நானே விசாரித்து வாங்க வேண்டியதாயிற்று.

கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக ரீல்கள். எங்கள் காசுக்கு எட்டியவை கீழ்த்தட்டில் இரண்டுதான். ஒன்று பொன்னிறம், மினுமினுப்பு. உள்ளே எத்தனை போல்பெயாரிங் என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மற்றது கறுப்பு, கனம், பார்க்க ஒரு களையும் இல்லை. இவர் பொன்னிறத்தைக் கையில் எடுத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு கீழே வைக்கவே இல்லை.

கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. இரண்டிலும் நூலைப் போட்டு, நுனியை என் கையில் தந்து இழுக்கச் சொன்னார். பொன்னிறம் பிடித்துக்கொண்டே நின்று, திடீரென்று ஒரு வெட்டு வெட்டி நூலை விட்டது. கறுப்பில் நூல் தையல் மெசினில் ஓடுவதுபோல ஒரே சீராக ஓடியது. பெயாரிங் எல்லாம் சுற்றுகிற கைக்குச் சுகம்தான், சல்மன் பாய்கிறபோது உதவுவது முன்னாலிருக்கிற இந்தப் பிரேக் என்று திருகைக் காட்டினார். "மீன் இழுத்தால் நூல் ஓட வேண்டும். ஓடாவிட்டால் அறும். அறவும் இல்லையென்றால் நீங்கள் ஓடுவீர்கள்" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்காமல் மொழிபெயர்த்தேன்.

"வழுக்கிற பிரேக்கும் ஒரு பிரேக்கே? அது தேஞ்ச சாமானப்பா" என்றார் இவர். நாள் முழுக்க மெசின் திருத்துகிறவர். அவருக்கு வழுக்குகிற எதுவும் பழுதானதுதான்.

"கறுத்ததுதான். இல்லாட்டில் வீட்டை நடவுங்கோ" என்றேன்.

கறுப்பை வாங்கினோம். ஒன்றிலாவது என் சொல் நின்றதே என்ற திருப்தியில், நூலை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன். கடைக்காரர் நடுத்தரமானதைக் காட்ட, இவர் தட்டில் இருந்ததிலேயே தடித்ததை எடுத்தார். கடைக்காரர் தோளைக் குலுக்கினார். இது தூரம் போகாது, ஆனால் அறவே அறாது என்றார். நல்ல நூல் என்று நானும் தலையாட்டினேன். பஸ்ஸில் பாதி வழி வந்தபிறகுதான் "அறவும் இல்லையென்றால்" என்று கடைக்காரர் சிரித்தது எனக்கு உறைத்தது. மடியிலிருந்த பெட்டியை அப்படியே இருக்கையில் விட்டுவிட்டு இறங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிறு விடிய நானும் கூடப் போனேன். வேறு ஒருவரும் இல்லை. மேகம் கவிந்து, ஆறு ஈயநிறத்தில் கிடந்தது. கரையோரம் அசையாததுபோலத் தெரிந்தது. பத்தடிக்கு அப்பால் ஒரு முழு மரக்கிளை எங்களைக் கடந்து ஓடிப்போனது.

"முழங்காலுக்கு மேலை போகப்படாது."

"ஓமப்பா, ஓம்."

தட்டைப் பாறைகளில் கால் வைத்து இறங்கினார். எறிந்தார், சுற்றினார், எறிந்தார். தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறக்காமலே நான் கரையில் நின்றேன். மீன் எதுவும் படாமல் திரும்பிவிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன்.

தடி வளைந்தது. கிர்ர் என்று நூல் ஓடியது. சீராக, கடையில் ஓடியது போலவே. நான் மூச்சு விட்டேன். அவருக்கோ தன் மீன் தன் கண்முன்னே போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"வழுக்குது, வழுக்குது" என்று சொல்லிக்கொண்டே திருகை முழுதாக இறுக்கினார். சத்தம் நின்றது. நூல் ஓடவில்லை, அறவுமில்லை. அவர் ஓரடி முன்னால் வைத்தார். பிறகு இன்னொன்று.

"விடுங்கோ. தடியை விடுங்கோ."

"பெரிசப்பா, நல்ல பெரிசு."

திரும்பிப் பார்க்காமலே சொன்னார். தண்ணீர் அவர் இடுப்பைத் தொட்டது. அதற்கப்பால் பாறை இல்லை என்பது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது.

ஆழமறியாமல் காலை விடாதே என்று படித்தவள்தான் நான். சப்பாத்தோடும் குளிர்ச்சட்டையோடும் இறங்கினேன். நாலடிகூட வைத்திருக்கமாட்டேன். பாசி வழுக்கியது. முகத்துக்கு மேலே தண்ணீர் மூடியது. அந்தக் குளிரில் என்னால் கத்தவும் முடியவில்லை. காலுக்குக் கீழே ஒன்றுமில்லை, எல்லாம் ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. பிறகு என் சட்டைக் கொலரை ஒரு கை பிடித்தது.

கரையில் என்னைப் போட்டுவிட்டு அவர் முழங்காலில் நின்று மூச்சிரைத்தார். தடியும் இல்லை, ரீலும் இல்லை.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சு" என்றார். பிறகு, "நீந்தத் தெரியாத நீர் என்னத்துக்கு இறங்கினனீர்?" என்று கேட்டார்.

"உங்களுக்கெல்லே கண்டம்."

"உமக்கு? உம்மடை சாதகத்திலை என்ன சொல்லிக் கிடக்கு?"

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டது அன்றுதான். என் சாதகமும் கலியாணத்துக்கு முன் பார்க்கப்பட்டதுதான். இரண்டு சாத்திரிமார், இரண்டு வீட்டிலும் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் பார்த்ததை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அதிலை உங்கடை ஆயுளைத்தான் பாத்தவை" என்றேன். "நான் எத்தினை வயது மட்டும் இருப்பனெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."