பெஞ்சில் உட்கார்ந்த பையனைப் பார்க்க டெங்கிலுக்கு

முதலில் நடந்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், வழியைப் பிறகு சொல்கிறேன். கிள்ளான் பக்கத்துக் காற்பந்துக் கிளப் ஒன்று, நான் இருபது வருடத்துக்கு மேலாகக் கை தட்டிவரும் கிளப், பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டது. ஜெர்சி கொடுத்தது. படம் எடுத்து முகநூலில் போட்டு, நம்ம ஊர்ப் பிள்ளை என்று எழுதியது. பிறகு சீசன் முழுக்க அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. ஒரு நிமிடம்கூட ஆட விடவில்லை. இதைத் தப்பு என்று சொல்ல எனக்குப் பயிற்சியாளர் சான்றிதழ் தேவையில்லை. சண்டைக்கு வருகிறவர்கள் கீழே வந்து எழுதலாம். நான் எழுதியதை அழிக்க மாட்டேன்.

பையன் பெயர் ஹரிஷ், ஊர் காப்பார். அவன் அம்மா விமலா, செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. கல்யாணமாகிக் காப்பார் போய் வெகுகாலமாகியும் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். போன வாரம் தொலைபேசியில் பேசினாள்.

"மாமா, இவனுக்குத் துறைமுகத்துல வேலை கிடைச்சிருக்கு. ஷிப்ட் வேலை. போனான்னா பந்து ட்ரெய்னிங் போக முடியாது. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். ஒரே ஒரு தடவ அவன் ஆட்டத்தப் பாத்துட்டு, போன்னு சொல்லவா வேணாமான்னு முடிவு பண்ணலாம்னு இருக்கேன். கூட்டிட்டுப் போறீங்களா?"

ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் விமலாவுக்குக் கையுறை ஃபேக்டரியில் வேலை. அதனால் மகன் ஆட்டம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை, இந்த வாரம்தான் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். சரிம்மா என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அவன் ஆட மாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இனி வழி. செந்தூலிலிருந்து காலை பதினொரு மணிக் கொமுட்டர் ரயில். கே.எல். சென்ட்ரலில் இறங்கிக் கிள்ளான் தடத்துக்கு மாற வேண்டும். வார இறுதியில் ரயில்கள் குறைவு, ஒன்றை விட்டால் அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கும். நான் வேண்டுமென்றே ஒன்றை விட்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்துபோய் இரண்டு தோசை சாப்பிட்டு, விமலாவுக்கு வடை கட்டிக்கொண்டேன். அறுபது தாண்டியவர்களுக்கு ரயிலில் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்கு ஒரு மணி நேரம் சுமாராக ஆகும். குளிர்சாதனம் எலும்பு வரை போகும், ஒரு சட்டை கூட எடுத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானிலிருந்து காப்பார் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பஸ்ஸை நம்ப வேண்டாம். செயலியில் கூப்பிட்ட காரில் வந்த தம்பியின் பெயர் கணேசன், முப்பது வயதிருக்கும். காப்பார் போய் ஒருவரை ஏற்றிக்கொண்டு, ஆட்டம் நடக்கும் டெங்கிலுக்குப் போக வேண்டும், முடியும்வரை இருந்து திரும்பவும் கொண்டுவந்து விட வேண்டும் என்று பேசி முடித்தேன். நீங்களும் இப்படியே செய்யுங்கள். டெங்கிலில் சாயங்காலம் திரும்பக் கார் கிடைப்பது குதிரைக் கொம்பு.

"எந்த டீம் அங்கிள்?" என்று கேட்டான். சொன்னேன்.

"அந்த டீமா? அதுல ஆடுறவங்க எல்லாம் உங்க வயசு ஆளுங்க லா. ஹாஃப் டைம்ல தண்ணி குடிக்க மாட்டாங்க, தைலம் தேய்ப்பாங்க."

கோபம் வந்தது. ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை. வலது விங்கில் ஆடும் மூர்த்திக்கு முப்பத்தைந்து வயது. இரண்டு முழங்காலிலும் கட்டு. நல்ல ஆட்டக்காரன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். குறையெல்லாம், அவனை விட்டால் ஆளில்லை என்று சொல்பவர்கள் மேல்தான். ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

காப்பாரில் விமலா வாசலில் தயாராக நின்றாள். நல்ல சேலை, கையில் குடை. கணவர் கொண்டெய்னர் லோரியில் ஜொகூர் போயிருந்தார். காரில் ஏறியதும் வடையைப் பிரித்துக் கணேசனுக்கும் ஒன்று கொடுத்தாள்.

இந்தக் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. சிறிய கிளப், ஜெர்சிகளைத் துவைக்க ஆள் வைக்க வசதியில்லை. அவரவர் ஜெர்சியை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போய் அடுத்த ஆட்டத்துக்குத் துவைத்துக் கொண்டுவர வேண்டும். விமலா அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

"ஒவ்வொரு வாரமும் ஒரே சேறு மாமா. முதுகெல்லாம் சேறு. ராத்திரியே ஊற வச்சிடுவேன்."

நான் ஜன்னல் வழியாகச் செம்பனை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தச் சேறு எப்படி வருகிறது என்று கண்ணால் பார்த்தவன் நான். ஆட்டம் முடிந்து எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருக்கும்போது, ஹரிஷ் மெதுவாகக் கார்னர் கொடிப் பக்கம் போவான். கால் நீட்டுவதுபோல் படுத்து இப்படியும் அப்படியும் புரளுவான். யாரும் கவனிப்பதில்லை. எழுந்து தட்டிவிட்டுக்கொள்ளவும் மாட்டான்.

காப்பாரிலிருந்து டெங்கில் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நெடுஞ்சாலையில் போனால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பாடாங்கில், அதாவது ஆட்டத் திடலில், கூரை கிடையாது, மூன்று படிக்கட்டு சிமெண்டு இருக்கைதான். பாயோ பழைய செய்தித்தாளோ கொண்டுபோங்கள். வாசலில் தள்ளுவண்டியில் குளுகுளுவென்று தேங்காய்ப்பால் செண்டோல் விற்கிறார்கள், சீனி கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் போனபோது மழை பெய்து விட்டிருந்தது. ஆட்டம் நாலரைக்கு.

பதினோரு பேர் இறங்கினார்கள். ஹரிஷ் இறங்கவில்லை. ஆரஞ்சு மேலங்கி போட்டுப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். அம்மாவைப் பார்த்தவன் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

"இன்னைக்கு அவனுக்கு ஓய்வு கொடுத்திருக்காங்க போலம்மா" என்றேன். "போன வாரம் ரொம்ப ஓடிட்டான்ல."

விமலா பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். கணேசன் எழுந்து விசிலடித்தான், யார் போட்டது என்றுகூட அவனுக்குத் தெரியாது. இடைவேளையில் அவன் செண்டோல் வாங்கப் போனதும் விமலா என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, உங்களுக்குப் பொய் சொல்ல வராது. விட்டுடுங்க."

"என்னம்மா?"

"அந்த ஜெர்சியில சேறு மட்டும்தான் இருக்கும். வேர்வை வாடையே இருக்காது. அவங்கப்பா சட்டைய இத்தன வருஷமா துவைக்கிறேன், எனக்குத் தெரியாதா? மொத வாரமே தெரிஞ்சிடுச்சு." சிரித்தாள். "அவன் அழுக்காக்குறான், நான் துவைக்கிறேன். கேட்டா அழுதுடுவான்."

தெரியும்மா என்று தலையாட்டி ஒப்புக்கொண்டேன். இது என்னைத் தெரிந்தவர்களுக்கு அதிசயமாக இருக்கும்.

"அப்ப ஏம்மா இவ்வளவு தூரம்?"

"பெஞ்சுல எப்படி உக்காந்திருக்கான்னு பாக்கத்தான். சாஞ்சு உக்காந்து போன் நோண்டிக்கிட்டு இருந்தான்னா, நாளைக்கே துறைமுகத்துக்குப் போன்னு சொல்லிடலாம்னு வந்தேன்." கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்தாள். "பாருங்க. பூட் கயிறக்கூட தளர்த்தல. முன்னுக்கே சாஞ்சு உக்காந்திருக்கான். இவன வேலைக்குப் போன்னு எப்படி மாமா சொல்றது?"

நானும் பார்த்தேன். இத்தனை ஆட்டம் பார்த்தும் அந்தக் கயிற்றை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதி முடியக் கால்மணி நேரம் இருக்கும்போது மூர்த்தி உட்கார்ந்துவிட்டான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கோச் பெஞ்சைப் பார்த்தார். மாற்று ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே இறங்கியாயிற்று. மிச்சம் இருந்தது ஒரு கோல்காவலரும் ஹரிஷும். கோச் வேறு யாராவது முளைத்து வருவார்களா என்று தேடியதைப் பார்த்தேன். ஒருவரும் முளைக்கவில்லை. அவன் இறங்கினான்.

விமலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் பந்து வந்தது. ஒருவனைத் தாண்டினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெங்கில்காரர்கள்கூட "வோய்" என்றார்கள். அங்கே பந்தைத் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இரண்டாவது ஆளையும் தாண்டப் பார்த்தான், பந்து பறிபோனது. அவர்கள் நாலே தட்டில் எங்கள் கோல் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஹரிஷ் பாடாங்கின் நீளம் முழுக்கத் திரும்பி ஓடிவந்து, கடைசி ஆளின் காலடியில் சறுக்கி விழுந்தான். எட்டவில்லை, கோல் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் அப்படியே முடிந்தது.

கோச்சை எனக்குப் பல வருடமாகத் தெரியும். என்னைப் பார்த்ததும் கையை விரித்தார்.

"பாத்தீங்களா அங்கிள்? இதுக்குத்தான் சொல்றேன். ரெண்டு பாயிண்ட் போச்சு. கமிட்டிக்கு நான்தான் பதில் சொல்லணும், நீங்க இல்ல."

"நல்லா பாத்தேன்" என்றேன். "தண்ணியில இறக்காமலே வச்சிருந்து, இறக்குன அன்னைக்கே ஏன் நீந்தலன்னு கேக்குறீங்க. இந்தத் தப்ப அவன் சீசன் ஆரம்பத்துலயே செஞ்சிருக்கணும். செய்ய விட்டீங்களா?"

"தோத்து டிவிஷன் இறங்கினா?"

"இவங்களையே வச்சுக்கிட்டிருந்தா ரெண்டு வருஷத்துல எல்லாருக்கும் முட்டி இறங்கிடும், அப்ப டிவிஷன் தானா இறங்கும்."

காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்த மூர்த்தி அங்கிருந்தே குரல் கொடுத்தான்.

"கோச், என் மொத ஆட்டம் ஞாபகம் இருக்கா? பின்னுக்குப் பாஸ் கொடுக்கிறேன்னு நம்ம கோலுக்குள்ளயே போட்டேன். அடுத்த வாரமும் என்னைத்தான் இறக்குனீங்க. அன்னைக்கு உக்கார வச்சிருந்தீங்கன்னா இன்னைக்கு நான் லோரி ஓட்டிக்கிட்டு இருப்பேன்."

"லோரிக்கு என்னடா குறைச்சல்?" என்றேன். முப்பது வருடம் ஓட்டியவன் நான்.

"ஒரு குறையும் இல்ல அங்கிள். உங்கள மாதிரி வாய் மட்டும் நீண்டிருக்கும்."

கோச்கூடச் சிரித்துவிட்டார். சிரித்தாரே தவிர, அடுத்த வாரம் இறக்குகிறேன் என்று சொல்லவில்லை. அதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஹரிஷ் எங்களிடம் வரத் தயங்கி நின்றான். இந்த முறை கார்னர் கொடிப் பக்கம் போகவில்லை. போகத் தேவையில்லை. தோளிலிருந்து முட்டிவரை சேறு.

"அம்மா, கோல் என்னாலதான் போச்சு."

"பாத்தேன்" என்றாள். "ஜெர்சியக் கழட்டிக் கொடு." அவன் கழற்றிக் கொடுத்ததும் முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அவனுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் பக்கத்துக் கிராமத்து வீடுகளை வேடிக்கை பார்ப்பவன்போல் திரும்பிக்கொண்டேன்.

காரில் திரும்பும்போது கணேசன்தான் கேட்டான். "தம்பி, அந்த ரெண்டாவது ஆள ஏன் தாண்டப் போன?" ஹரிஷ், "தெரியல அண்ணே, ரொம்ப நாள் கழிச்சுப் பந்து கிடைச்சுது, விட மனசு வரல" என்றான். பந்திங் ஊரைத் தாண்டுவதற்குள் அவன் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். ஜெர்சி அவள் மடியில், அந்த நல்ல சேலையின் மேலேயே இருந்தது. காப்பார் வந்ததும் விமலா கேட்டது ஒன்றுதான்: "ட்ரெய்னிங் எந்தெந்த நாள் மாமா?"

துறைமுகத்துக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. நடுவில் இரண்டு ஆட்டம், இரண்டும் கிள்ளானில். ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

கோச் செய்ய வேண்டியது: அடுத்த ஆட்டத்தில் ஹரிஷை முதல் பாதி முழுக்க ஆட விட வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் இறக்குவது பிச்சை, ஆட்டம் ஆகாது. தப்பு செய்தால் அதற்கடுத்த ஆட்டத்திலும் விட வேண்டும்.

கமிட்டி செய்ய வேண்டியது: இளைய ஆட்டக்காரர் இருவராவது எப்போதும் களத்தில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்து, அதனால் போகும் பாயிண்டுகளுக்குக் கோச்சிடம் கணக்குக் கேட்காமல் இருக்க வேண்டும். முடியாதென்றால் பையன்களின் படத்தைப் போட்டுப் பெருமையடிப்பதை நிறுத்த வேண்டும்.

மூர்த்தி செய்ய வேண்டியது: ஐஸ் வைப்பது. இன்று சொன்னதைக் கமிட்டி முன்னாலும் ஒருமுறை சொல்வது.

வாசகர்கள் செய்ய வேண்டியது: கிள்ளான் ஸ்டேஷனில் இறங்கி ஒரு சாயங்காலம் வந்து உட்காருங்கள். நுழைவு இலவசம். குடை கொண்டுவாருங்கள். அவன் பந்தை இழந்தாலும் கை தட்டுங்கள்.

ஹரிஷ் செய்ய வேண்டியது: இரண்டாவது ஆள் வருமுன் பந்தைக் கொடுத்துவிடுவது. ஆடாத நாளில் தரையில் புரளாமல், ஜெர்சியைச் சுத்தமாகவே வீட்டுக்குக் கொண்டுபோவது.

விமலாவுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் செந்தூல் வந்து சேர்வதற்குள் படம் அனுப்பியிருந்தாள். ஜெர்சி ஊறிக்கொண்டிருந்தது.