அம்மாவின் வயிறறிந்த அண்ணன்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகத் தென்காசியில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால், பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு புளியங்குடியில் ஓர் எலுமிச்சை கமிஷன் கடை வேலைக்குப் போனார். என்னைக் கடையத்தில் கட்டிக் கொடுத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ள அவருக்கு வாய்க்கவில்லை.

அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததும் அண்ணன் வேலையை விட்டுவிட்டார். படுத்தே கிடந்ததால் அம்மாவுக்கு மலம் இறுகி, உயிர் போகும் வலி. அந்தப் பயத்தில் சாப்பாட்டைக் குறைத்தார். குறைக்கக் குறைக்க இன்னும் கட்டிக்கொண்டது. நார்ச்சத்து கொடுங்கள் என்றார் டாக்டர். அண்ணன் முதல் நாளே கொண்டைக்கடலையும் கீரையுமாக ஊட்டிவிட்டு, வயிறு ஊதிப்போன அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிறகு பக்குவம் பிடிபட்டது. வாழைத்தண்டில் நாரை விரலில் சுற்றி எடுத்து, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு குழைய வேகவைப்பார். மிளகாய் கிடையாது, தேங்காயும் சீரகமும் மட்டும். கோதுமைக் குருணைக் கஞ்சி, விதை நீக்கிய கொய்யா, அடிக்கடி வெந்நீர். எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவார். அள்ளுவதும் துடைப்பதும் அவரேதான். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் நின்றே கேட்பார்: "என்னடே, அம்மைக்கு இன்னைக்குப் போச்சா?"

"சொகமாப் போச்சு அண்ணாச்சி" என்பார் அண்ணன், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் போல.

குற்றாலம் சீசனில் மட்டும் காலை நேரத்தில் ஒரு லாட்ஜுக்குக் கணக்கெழுதப் போவார். இந்த முறை அங்கிருந்து திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான்தான் இங்கேயே தங்கிச் சமைக்கிறேன். அதே தண்டு, அதே பருப்பு, அதே குழைவு. ஊட்டப் போனால் அம்மா வாயைத் திறப்பதில்லை.

"ஏட்டி, தின்னா பொறவு வெளிய போவணும்லா. அவன் இருந்தான், பாத்தான். நீ இன்னொரு வீட்டுக்குப் போன பிள்ள. ஒன்னைய அள்ள வைக்கவா?"

"நானும் ஒங்க வயித்துல பொறந்தவதானம்மா" என்றேன். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கடையத்துக்கு வரவும் சம்மதிக்கவில்லை. மகள் வீட்டில் போய்க் கிடக்க மாட்டாராம். அண்ணனைப் பறிகொடுத்தோம். அம்மாவும் என் கண்ணெதிரே போய்க்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோன முகம் தெரியாத நல்லவர்களுக்கும், லாட்ஜ் ஊழியர்களுக்கும், காரியங்களை முன்நின்று நடத்திய எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. இன்று அண்ணனின் கருமாதிப் பந்தியில் அமர வந்திருக்கும் உறவினர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உள்ளே போய் அம்மாவைப் பார்க்கும்போது, சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டாம். சாப்பிட்டேன் என்றுதான் சொல்வார். அண்ணன் இருந்தவரை அம்மாவுக்கு அந்தப் பொய் தேவைப்பட்டதில்லை.

கண்ணீருடன்,
தங்கை