நீல வளையம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மலைக்காட்டில் கேமராவுடன் காத்திருக்கிறேன். நியூ ஜெர்சியிலிருந்து நான் படமெடுக்க வந்த குடில் பறவை, பெண் பறவையைக் கவரச் சுள்ளிகளால் குடில் கட்டியிருக்கிறது. அதன் வாசலில் அது தேடிப் பொறுக்கி வந்த நீல இறகுகளும், ஒரு பேனா மூடியும், பால் பாட்டில் மூடியின் நீல வளையமும் கிடக்கின்றன.

காட்டை ஒட்டி வசிக்கும் யாழ்ப்பாணத்து ஆன்ட்டி கத்தரிக்கோலுடன் வளையத்தை நோக்கிக் குனிகிறார்.

"தொடாதீங்க ஆன்ட்டி. படம் நேச்சுரலா இருக்கணும்."

"பிளாஸ்டிக்கோ நேச்சுரல்? உது கழுத்தில மாட்டினா குருவி செத்துப்போகும், தம்பி."

"அப்ப எடுத்துப் போட்டுடுங்க."

"எடுத்தா வேற ஒண்டைத் தேடிக் கொண்டுவரும்."

வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, இருந்த இடத்திலேயே வைக்கிறார்.

அரை மணி நேரத்தில் ஆண் பறவை வருகிறது. வளையத்தை அலகில் கவ்வித் தலையை உதறுகிறது. லென்ஸ் வழியே நான் முதலில் வெட்டைத்தான் தேடுகிறேன். அது தெரிந்த பிறகு படமெடுக்கிறேன்.