நாலு தெருவும் வந்து சேரும் இடம்

சதுக்கம் என்றால் இன்று நமக்கு நினைவுக்கு வருவது நாலு பக்கமும் சமமான ஒரு வெட்டவெளி. சொல்லின் பழைய பொருள் அதுவல்ல. நான்கைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்து, நான்கு தெருக்கள் கூடும் இடத்துக்குப் பெயரானது அது. மன்றம் என்ற சொல்லில் கூடி உட்கார்ந்தவர்கள் இருக்கிறார்கள். சதுக்கத்தில் இருப்பவை வழிகள் மட்டும்தான். நடுவிலிருக்கும் வெறுமை எந்தத் தெருவுக்கும் சொந்தமில்லை.

ஜிப்புக்காரம்மாவுக்கு இந்த வேர் எதுவும் தெரியாது. சதுக்கத்தில் மருந்துக்கடைச் சுவரை ஒட்டித் தையல் மெஷின் போட்டிருந்தார். பை, பேண்ட், குளிர்சட்டை, எதுவானாலும் ஜிப் மாற்றித் தருவார். கணவர் நகரப் பேருந்து ஓட்டினார். மகள் சின்னக் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் கூட்டத்தில் கை நழுவிப் போனாள். இவர்கள் ஆளுக்கொரு தெருவில் ஓட, அவளும் இவர்களைத் தேடி ஓட, யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் சதுக்கத்து விளக்குக் கம்பத்தடியில் அழுதுகொண்டு நின்றாள். அன்றே வீட்டில் சட்டம் வந்தது.

"யார் தொலைஞ்சாலும் சதுக்கத்துக்கு வரணும். யாரைக் கேட்டாலும் வழி காட்டுவாங்க. கம்பத்தடியில நிக்கணும். நம்ம வீட்டு ஆள் வர்ற வரைக்கும் அசையக் கூடாது. வேற யார் கூப்பிட்டாலும் போகக் கூடாது."

"எனக்குமாடி? ஊரையே சுத்தி வண்டி ஓட்டுறேன்" என்றார் டிரைவர்.

"உங்களுக்குத்தான் முதல்ல. காய் வாங்கப் போயிட்டு வெறும் பையோட வர்ற ஆளு நீங்க."

ஓய்வு பெற்ற சில வருஷங்களில் அந்தக் கேலிக்கு யாரும் சிரிக்க முடியாமல் போயிற்று. டிரைவருக்கு முதலில் நிறுத்தங்களின் பெயர்கள் மறந்தன. பிறகு குழாயை மூட மறந்தார். பிறகு வீடே மறந்தது. கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிடுவார். ஆனால் ஒவ்வொரு முறையும் கம்பத்தடிக்கு வந்து சேர்ந்தார்.

"அக்கா, வண்டி டெப்போவுக்கு வந்தாச்சு" என்று டீக்கடைக்காரர் குரல் கொடுப்பார். ஜிப்புக்காரம்மா டிரைவரைக் கூட்டிவந்து மெஷின் பக்கத்தில் உட்காரவைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அழைத்துப்போவார்.

மகள் ஒரு பூட்டு வாங்கிவந்தாள். "ஒருநாள் வராமப் போயிட்டா என்னம்மா பண்ணுவே?"

"வருவாரு. எல்லாம் மறந்தும் அது மறக்கலை பாரு. அடைச்சு வைக்க உங்கப்பா என்ன கோழியா?"

பூட்டு அலமாரி மேலே போயிற்று. மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவின் பிடிவாதத்தில் அன்போடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. தான் போட்ட சட்டம் அவருக்குள் இன்னும் கலையாமல் இருக்கிறதே என்ற பெருமை.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. டிரைவர் கம்பத்தடியில் நனைந்துகொண்டு நின்றார். ஜிப்புக்காரம்மா குடையோடு ஓடினார்.

"என்னங்க, வாங்க. காய்ச்சல் வந்துடும்."

டிரைவர் பின்வாங்கினார். "இல்லீங்க. நீங்க போங்க."

கல்யாணமான நாள் முதல் வாடி, போடிதான். நீங்க என்று அவர் சொல்லி அந்த அம்மா கேட்டதே இல்லை.

"நான்தாங்க."

"என் வீட்டுக்காரி வருவா. அதுவரைக்கும் அசையக் கூடாதுன்னு கண்டிப்பா சொல்லியிருக்கா. தப்பா நினைக்காதீங்கம்மா."

கையைப் பிடித்தபோது உதறிவிட்டுக் கத்தினார். டீக்கடைக்காரர் வந்து, "அண்ணே, அக்காதான் இது" என்று சொல்லிப் பார்த்தார். பயனில்லை. பெண்டாட்டி சொல்லை மீறி அவர் யாரோடு போவார்? சட்டத்தில் எங்கும் ஓட்டை விடாமல்தான் போட்டிருந்தார் ஜிப்புக்காரம்மா.

டீக்கடைக்காரர் மகளுக்குப் போன் செய்தார். ஜிப்புக்காரம்மா அங்கேயே நின்றார். வேறென்ன செய்வது?

கொஞ்ச நேரம் கழித்து டிரைவர் கேட்டார்: "நீங்களும் தொலைஞ்சுட்டீங்களா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. அசையாம நில்லுங்க. உங்க வீட்டுலேருந்தும் ஆள் வரும்." தன் பக்கம் சாய்ந்திருந்த குடையை அந்த அம்மாவின் பக்கமே தள்ளினார்.

மகள் வந்தாள். இருவரையும் பார்த்தாள். விளங்கிவிட்டது. "அப்பா, அம்மாதான் அனுப்பினாங்க. கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

"அவ ஏன் வரலை?"

"ஒரு ஜிப் அவசரமாத் தைக்கணுமாம்."

அது அவருக்குச் சரியாகப் பட்டது. மகளோடு நடந்தார். ஜிப்புக்காரம்மா இடைவெளி விட்டுப் பின்னால் போனார். தெரு திரும்பும்போது டிரைவர் ஒருதரம் நின்றார்.

"பாவம், அந்த அம்மாவுக்குத்தான் யாரும் வரலை."

மறுநாள் காலை மகளை அப்பாவோடு உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, ஜிப்புக்காரம்மா அலமாரி மேலிருந்த பூட்டைத் தானே எடுத்துக் கதவில் போட்டார். சதுக்கத்துக்கு வந்ததும் மெஷினைத் திருப்பி, கம்பம் கண்ணில் படாதபடி சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டார்.