அம்மா பாதியில் நிறுத்திய கையெழுத்து

அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். பிரின்சிபால் சார், இங்கிலீஷ் எடுக்கும் ஸ்டெல்லா மிஸ், அம்மா, நான், ப்ளஸ் டூ படிக்கும் என் தங்கை மோனிஷா. அப்பா வரவில்லை. அவருக்கு அன்று ஏ ஷிஃப்ட், காலை வேலை. ஒரே நாளில் வீட்டில் இரண்டு பேர் லீவு போட்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

எங்களைப் போலவே கூப்பிடப்பட்ட மற்ற ஐந்து குடும்பங்களும் அங்கே இல்லை. அவர்கள் முந்தின நாளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எதில் கையெழுத்து? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருபவர்களுக்குத் தெரியும். வடக்குப்பட்டில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி செக்‌ஷனில் வேலை. வீட்டுக்கு இங்கிலீஷில் எது வந்தாலும் — பேங்க் மெசேஜ், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், அப்பாவின் பி.எஃப். பேப்பர் — நேராக என் கைக்குத்தான் வரும். நான் பார்த்துவிட்டுச் சொல்வேன். வீடு நம்பும்.

மோனிஷா படிப்பது படப்பை பக்கம் ஒரு தனியார் பள்ளி. கேட்டில் பெரிய ஃப்ளெக்ஸ்: நூறு சதவீதத் தேர்ச்சி. அரையாண்டுத் தேர்வில் அவள் இங்கிலீஷில் வாங்கியது இருபத்தெட்டு. ஃபெயில். 'பெற்றோர் நேரில் வரவும்' என்று அம்மா போனுக்கு மெசேஜ். வழக்கம்போல அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

முதலில் அந்த இருபத்தெட்டின் கதை.

கொஞ்சம் பின்தங்கும் பிள்ளைகளுக்கென்று பள்ளியில் ஒரு மெல்லிய புத்தகம் கொடுப்பார்கள். மினிமம் மெட்டீரியல் என்று பெயர். ஒரு மனப்பாடப் பாட்டு, இரண்டு கடிதம், வார்த்தைக்கு எதிர்ச்சொல் முப்பது. இதை அப்படியே விழுங்கிவிட்டுப் போனால் பாஸ். ரீடிங் பாசேஜுக்கு அதில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. ஒரே ஒரு குறிப்புதான்: கேள்வியில் உள்ள வார்த்தை பாசேஜில் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியை முழுசாகப் பார்த்து எழுது.

அதாவது படிக்காதே. தேடு.

மோனிஷா அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. அரையாண்டில் வந்த பாசேஜ், ஒரு ஏரியைப் பற்றி. பறவைகள் ஏன் வருவதில்லை என்று கேள்வி. இவள் உட்கார்ந்து படித்து, புரிந்துகொண்டு, தன் சொந்த இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள்: ஆட்கள் ஏரியை மண் போட்டு மூடி வீடு கட்டிவிட்டார்கள், பறவை எங்கே உட்காரும்?

இரண்டு ஸ்பெல்லிங் தப்பு. ஒரு வினைச்சொல் தகராறு. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு — பாசேஜில் உள்ளபடி எழுதவும். மார்க், சைபர்.

"ஏன்டி, அந்த வரியைப் பாத்து எழுதியிருந்தா ரெண்டு மார்க்கு" என்றேன்.

"பாத்து எழுதறதுக்கு எதுக்குண்ணா பன்னெண்டு வருஷம்?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஏன் தெரியுமா? நான் ப்ளஸ் டூ இங்கிலீஷில் அறுபத்தொன்று வாங்கியவன். அதே மாதிரிப் புத்தகம். அதே தேடுகிற வித்தை. ஒரு பாசேஜையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்திருக்கிறேனா? இல்லை.

சரி, அறைக்கு வருவோம்.

பிரின்சிபால் சார் நல்லபடியாகத்தான் பேசினார். டீ சொன்னார். "பொண்ணு நல்ல பொண்ணும்மா. இங்கிலீஷ் மட்டும்தான் ப்ராப்ளம். அதுக்கு ஒரு ஸ்பெஷல் ஏற்பாடு பண்றோம். இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. வெறும் ஃபார்மாலிட்டி."

ஒரு பக்கக் கடிதம். முழுக்க இங்கிலீஷ்.

அம்மா அதை என் பக்கம் தள்ளினாள். "இன்னாடா போட்டுகீது அதுல?"

நான் பார்த்தேன். கோச்சிங் என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டது. சப்போர்ட் என்று ஒன்று. எக்ஸாமினேஷன் என்று ஒன்று. போதாதா?

"ஸ்பெஷல் கோச்சிங் தராங்களாம்மா. போடு."

"முழுசா படிச்சியா?"

"படிச்சேம்மா."

இதை எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நிமிஷம் நான் பொய் சொல்கிறேன் என்றே எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் நாங்கள் இப்படித்தான். புது வேலை முறை என்று இங்கிலீஷில் நாலு பக்கம் ஒட்டுவார்கள். 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்ற கட்டத்தில் லைனில் இருக்கும் நாற்பது பேரும் கையெழுத்துப் போட்டு முடிக்க ஐந்து நிமிஷம் ஆகாது. தெரிந்த வார்த்தை நாலு கண்ணில் பட்டால் அதற்குப் பெயர் படிப்பது. இதைச் சொல்லிக்கொடுத்தது கம்பெனி இல்லை. பள்ளிக்கூடம்.

அம்மா பேனாவை எடுத்தாள்.

அம்மா கையெழுத்துப் போடக் கற்றது சுயஉதவிக் குழுவில். பெயர் தனலட்சுமி. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, மூச்சுப் பிடித்துத்தான் போடுவாள். பேங்க்கில் பின்னால் நிற்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அன்றைக்கு 'த' முடிந்தது. 'ன' முடிந்தது...

மோனிஷாவின் கை பேப்பர் மேல் விழுந்தது. "இரும்மா. நான் படிச்சிட்டுச் சொல்றேன்."

அம்மா வேகமாகக் கையெழுத்துப் போடுகிறவளாக இருந்திருந்தால் இந்த வாரம் உங்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இருந்திருக்காது.

பிரின்சிபால் சார் சிரித்தார். "ஏம்மா, இருபத்தெட்டு மார்க் வாங்கிட்டு நீ படிச்சு சொல்லப்போறியா? அண்ணன்தான் பாத்துட்டாரே."

"அது பரீட்சைப் பாசேஜ் சார். தப்பாப் படிச்சா எனக்கு மார்க் போவும். இதுல எங்கம்மா பேரு போவும்."

படிக்க ஆரம்பித்தாள். சத்தமாக. மெதுவாக. உச்சரிப்பு ஆங்காங்கே கோணல்தான். ஒரு வரி படிப்பாள், நிறுத்துவாள், அம்மாவுக்குத் தமிழில் சொல்வாள். ஸ்கூல் எல்லா உதவியும் செஞ்சுது. ஸ்பெஷல் கோச்சிங்கும் குடுத்துப் பாத்துது. பொண்ணு தேறல...

"குடுத்துப் பாத்துதா?" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "தரப்போறாங்கன்னு நீ சொன்ன?"

நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வரியில் மோனிஷா நின்றுவிட்டாள். ஒரு வார்த்தை அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு முறை உடைத்து உடைத்துப் படித்தாள். பிறகு தலையைத் தூக்கி நேராகக் கேட்டாள்: "மிஸ், இதுக்கு இன்னா மிஸ் அர்த்தம்?"

ஸ்டெல்லா மிஸ் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் ஜன்னலைப் பார்த்தார். ஒரு டீச்சரிடம் மாணவி வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிறாள். உலகத்திலேயே சாதாரணமான விஷயம். அந்த அறையில் அதற்குக்கூட அனுமதி தேவைப்பட்டது.

"சொந்த விருப்பத்தோட..." என்றார் மிஸ். குரல் இறங்கியிருந்தது. "யாரும் சொல்லாம, நாமளே விரும்பின்னு அர்த்தம்."

"யார் விரும்பி மிஸ்?"

"உங்கம்மா."

மோனிஷா அந்த வரியை மறுபடி முதலிலிருந்து எடுத்து, முடித்து, அம்மாவிடம் சொன்னாள். "நீயே விரும்பி என்னை இந்த ஸ்கூல்லேர்ந்து நிறுத்திக்கிறியாம்மா. நான் வெளிய இருந்து தனியாப் பரீட்சை எழுதிக்கணுமாம். கட்டின ஃபீஸைத் திருப்பிக் கேக்கக் கூடாதாம்."

அம்மா பேனாவை மூடினாள். "எனுக்கு அப்டி ஒரு விருப்பமே இல்லியே சார்?"

உண்மையில் ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். தனக்கே தெரியாமல் தன் விருப்பத்தை யாரோ டைப் அடித்து வைத்திருக்கிறார்களே என்ற ஆச்சரியம்.

பிரின்சிபால் சாரின் குரல் மாறியது. பள்ளியின் பெயர், மற்ற பிள்ளைகளின் எதிர்காலம், அடுத்த வருஷ அட்மிஷன்... ஒரே ஒரு ஃபெயில் வந்தாலும் நூறு சதவீதம் போய்விடும் என்றார். "உங்க பொண்ணு நல்லதுக்குத்தாம்மா."

"கேட்டாண்ட பேனர் கட்டிக்கினு கீறீங்களே, அதுக்கு என் பொண்ணு குறுக்க நிக்கறாளா?"

"அப்படி இல்லம்மா. நாளைக்கு ஃபெயில் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"ஆனா ஆவட்டும் சார். பன்னெண்டு வருசம் இங்கதான கட்டினோம்? உங்க ஸ்கூல்லேர்ந்தே ஆவட்டும்."

எழுந்துவிட்டாள். பேப்பரை நாலாக மடித்து டிபன் பைக்குள் வைத்தாள். அது ஸ்கூல் டாக்குமெண்ட், கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார் பிரின்சிபால். "என் பேரு பாதி கீது சார் இதுல. எப்டி வுட்டுட்டுப் போறது?" என்றாள் அம்மா.

வாசல் வரை ஸ்டெல்லா மிஸ் வந்தார். மோனிஷாவின் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லையே. அவர் சம்பளமும் அந்த அறையில்தானே இருக்கிறது?

கேட்டுக்கு வெளியே வந்ததும் எனக்குப் பொங்கியது. கலெக்டரிடம் போகலாம், ஃபேஸ்புக்கில் போடலாம் என்று ஏதேதோ பேசினேன். மோனிஷா கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு சொன்னாள்: "அதெல்லாம் அப்புறம்ணா. நேத்து கையெழுத்து போட்டாங்களே, அந்த அஞ்சு பேரு வூட்டுக்கும் இப்பவே போலாம். எல்லாம் எங்க கிளாஸ்தான்."

"எனக்கு ஒரு மணிக்கு கம்பெனி பஸ்ஸுடி."

"நீ போண்ணா. நீதான் படிச்சிட்டியே."

பஸ்ஸை விட்டேன். வேறு என்ன செய்ய?

ஷேர் ஆட்டோ மாற்றி மாற்றி ஐந்து வீடு. ஒவ்வொரு வீட்டிலும் அம்மா டிபன் பையிலிருந்து பேப்பரை எடுப்பாள், மோனிஷா படிப்பாள், தமிழில் சொல்வாள். மூன்றாவது வீட்டுக்குப் போனபோது அவள் எங்கேயும் தடுமாறவில்லை. ஐந்தாவது வீட்டில் உச்சரிப்பே நிமிர்ந்துவிட்டது. அந்த ஐந்து வீட்டிலும் இதே கடிதத்தில் கோச்சிங்குக்குத்தான் கையெழுத்துப் போட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வீட்டில் என்னைப் போலவே ஒரு படித்த அண்ணன் 'பார்த்துச்' சொல்லியிருந்தான்.

ஒரு வீட்டில் மட்டும் அந்தப் பையனின் அப்பா, "வுடும்மா, அவங்களோட நம்மளால மோத முடியுமா?" என்று உள்ளே போய்விட்டார். மற்ற நாலு குடும்பமும் மறுநாள் காலை ஸ்கூல் கேட்டில் நின்றது. எங்கள் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் படிக்காமல் போட்டுவிட்டோம் என்று கேட்டார்கள். பதினொரு மணிக்குக் கொடுத்துவிட்டார்கள். மோனிஷாவோடு சேர்த்து ஐந்து பேரும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்கள். கடைசி பெஞ்சில்.

பாஸ் ஆவாளா? தெரியாது. மனப்பாடப் பாட்டுக்கு மட்டும் அந்த மெல்லிய புத்தகத்தை எடுக்கச் சம்மதித்திருக்கிறாள். பாசேஜுக்கு மாட்டாளாம். மறுபடியும் சைபர் போட்டால்? "போடட்டும்" என்கிறாள்.

முன்பு இதைக் கேட்டால் கோபம் வரும் எனக்கு. இப்போது எதிர்க் கேள்வி வருகிறது. ஒரு பெண் இங்கிலீஷில் எழுதியதைப் படித்து, அதில் இருக்கிற திருட்டைக் கண்டுபிடித்து, படிக்காமல் கையெழுத்துப் போட்ட வீடுகளுக்குப் போய்ப் புரியவைத்து, நாலு பேரைப் பள்ளிக்குத் திரும்ப வரவைக்கிறாள். அவளுக்கு ரீடிங்கில் சைபர். கண்ணெதிரே இருந்த கடிதத்தைப் பார்த்துவிட்டு 'போடும்மா' என்று சொன்னவனுக்கு அறுபத்தொன்று. எங்களில் யார் ஃபெயில்? அந்தக் கேள்வித்தாளை எடுப்பவர்கள் ஒருமுறை எங்கள் வீட்டுப் பக்கம் வந்து பார்க்கட்டும். பாசேஜ் நாங்கள் தருகிறோம்.

கம்பெனியில் போன திங்கட்கிழமை நாலு பக்கம் ஒட்டினார்கள். நான் உட்கார்ந்து படித்தேன். "இன்னாபா, கையெழுத்து போட்டுட்டுக் கெளம்பு, லைன் நிக்கிது" என்றார் சூப்பர்வைசர். "ரெண்டாவது பக்கத்துல கீறேன் சார்" என்றேன்.

அம்மாவுக்குக் கான்ட்ராக்டில் ஹவுஸ்கீப்பிங் வேலை. ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலியோடு அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும் முழுசாகப் போகும். தாமதமாகப் போனதில் எனக்கு அரை நாள் கட். ஷேர் ஆட்டோ தனி.

ஒரு பக்கக் கடிதத்தைக் கடைசி வரி வரை படித்து முடிக்க எங்கள் வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது ரூபாய்.